நோயின் பெயரோடு தொடங்காதீர்கள்: முகவருக்கு நாவலை அனுப்பும் முன்

கேள்வி:

லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறேன். திருச்சியில் பிறந்து வளர்ந்தவள். பல ஆண்டுகள் உழைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலை எழுதி முடித்திருக்கிறேன். 1989இல் திருமணத்துக்கு நாள் குறித்த நிலையில் ஒரு பெண்ணுக்கு மனச்சிதைவு நோய் தொடங்குகிறது. வீட்டார் அதை மறைத்துக் கல்யாணத்தை நடத்திவிடுகிறார்கள். எல்லாம் தெரிந்த தங்கை வாய் திறக்கவில்லை. என் சொந்த அக்காவின் வாழ்க்கையிலிருந்து பிறந்த கதை இது. 1,38,000 சொற்கள். எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் நூலை விற்றுத்தரும் இலக்கிய முகவர்கள் பலருக்கு அனுப்பிவிட்டேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மற்றவர்கள், தங்கள் நூல் பட்டியலுக்குப் பொருந்தவில்லை என்று இரண்டு வரி எழுதினார்கள். ஒருவர் மட்டும் சற்று நீளமாக எழுதி மறுத்தார். மனநோய் என்றாலே பதிப்பாளர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்கிறாள் தோழி. உண்மையா? நானும் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவள். அதைக் கடிதத்தில் சொன்னால் மதிப்பு கூடுமா? கடைசி மறுப்பு வந்த பிறகு எதிலும் மனம் ஒட்டவில்லை. மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். அனுப்பிய கடிதம், கதைச் சுருக்கம், முதல் அத்தியாயங்கள், வந்த பதில்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, லண்டன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. பிறர் எழுதியதைப் படித்துச் செப்பனிட்டுக் கொடுப்பது என் தொழில். ஆனால் இதைக் கடந்துபோய் நாவலைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கக் கேடு, பதற்றம் எல்லாம் வரக்கூடும். அடங்கியிருந்த நோய் மறுபடி தலைதூக்கவும் கூடும். இந்த வாரமே உங்கள் ஜி.பி.யை, அதாவது குடும்ப மருத்துவரைப் பாருங்கள். நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை வேண்டாம் என்று தோன்றினால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். படிப்படியாகக் குறைக்க முறை இருக்கிறது. இரவில் தாங்க முடியாமல் போனால் சமாரிட்டன்ஸ் என்ற உதவி அமைப்பின் எண் 116 123. எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் 111 எண்ணிலும் மனநலத்துக்கென்று தனித் தெரிவு இருக்கிறது. நாவல் காத்திருக்கும். இதற்குக் கீழே நான் எழுதியிருப்பதை அடுத்த மாதம் படித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

இனி நாவலுக்கு வருகிறேன்.

உங்கள் தோழி சொன்னது தவறு. மனநோயைப் பற்றிய நாவல்களை முகவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், பதிப்பாளர்கள் வாங்குகிறார்கள், வாசகர்கள் தேடிப் படிக்கிறார்கள். நேதன் ஃபைலர் என்ற மனநலச் செவிலியர் மனச்சிதைவு நோய்க்கு ஆளான ஓர் இளைஞனின் குரலில் எழுதிய முதல் நாவல் 2013இல் வெளிவந்து, அந்த ஆண்டின் பிரிட்டிஷ் இலக்கியப் பரிசுகளான கோஸ்டா பரிசுகளில் முதன்மையானதையே பெற்றது. மும்பையின் மாஹிம் பகுதியில் ஒரு சின்ன வீட்டில் இருமுனை மனநோயோடு வாழும் தாயைப் பற்றி ஜெர்ரி பின்டோ எழுதிய 'எம் அண்ட் தி பிக் ஹூம்' 2012இல் இந்தியாவில் வந்தது. பிறகு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வந்தது. சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. மெக் மேசனின் 'சாரோ அண்ட் ப்ளிஸ்' நாவலில் கதாநாயகியின் நோய்க்குப் பெயரே கிடையாது. பெயர் வரவேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் இருக்கும். அந்த நாவல் 2022இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது.

மூன்றையும் படித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். எதுவும் நோயைப் பற்றி நமக்கு வகுப்பு எடுப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட ஆள் இருக்கிறார். அவருக்கு ஏதோ ஒன்று வேண்டும். நோய் அதற்கு நடுவே வந்து நிற்கிறது, சில சமயம் வழியும் விடுகிறது. உங்கள் நாவலிலும் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில்தான் அவர்கள் இல்லை. நீங்கள் முகவர்களுக்கு அனுப்பிய கடிதத்தின் முதல் பத்தியைத் தமிழில் தருகிறேன்:

'உலகெங்கும் லட்சக்கணக்கானோர் மனச்சிதைவு நோயால் அவதிப்படுகிறார்கள். இந்தியாவில் இந்நோய் குறித்த அறியாமையும் களங்க உணர்வும் இன்றும் நீடிக்கின்றன. எனது நாவல் இந்நோயின் கொடுமையை ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வழியே சித்திரித்து, வாசகர்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த முயல்கிறது.'

ஒவ்வொரு வாக்கியமும் உண்மைதான். ஆனால் ஒரு தொண்டு நிறுவனம் நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் இதே பத்தியை அப்படியே வைக்கலாம். உங்கள் நாவலுக்கே உரியது என்று இதில் ஒரு சொல்கூட இல்லை. முகவரின் பெட்டிக்கு ஒவ்வொரு வாரமும் ஏராளமான கடிதங்கள் வருகின்றன. அவற்றில் விழிப்புணர்வு என்ற சொல்லோடு வருபவை நிறைய. அதைப் பார்த்ததும் அவர் மனத்தில் எழும் கேள்வி, 'இதை ஏன் கட்டுரையாக எழுதவில்லை?' என்பதுதான். அவர் கல்நெஞ்சக்காரர் என்று எண்ண வேண்டாம். ஒரு பதிப்பகத்தின் எடிட்டரிடம் தொலைபேசியில் நாலு வரியில் இந்தக் கதையைச் சொல்லி அவரைப் படிக்கவைக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு இருக்கிறது. அந்த நாலு வரியை உங்களிடமிருந்து எதிர்பார்க்கிறார்.

உங்கள் கதைச் சுருக்கத்தையும் அத்தியாயங்களையும் வைத்து அந்தப் பத்தியை நான் மாற்றி எழுதிப் பார்த்தேன். கதைமாந்தர் பெயர்கள் நீங்கள் வைத்தவையே:

'திருச்சி, 1989. பதினான்கு வயது தேன்மொழிக்கு ஒரு ரகசியம் தெரியும். கல்யாணத்துக்கு நாள் குறித்திருக்கும் அவள் அக்கா வசந்தா, இரவில் மொட்டைமாடியில் நின்று யாருமில்லாத இடத்தைப் பார்த்துப் பேசுகிறாள். அம்மா குணசீலம் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறாள். அப்பா பத்திரிகை அடிக்கக் கொடுக்கிறார். மாப்பிள்ளையின் தாய் தேன்மொழியைத் தனியே அழைத்து, "அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்கும்போது அவள் இல்லை என்கிறாள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வசந்தாவின் மகள் லண்டனில் தேன்மொழியின் வீட்டு வாசலில் வந்து நின்று அதே கேள்வியைக் கேட்கிறாள்.'

என்ன செய்திருக்கிறேன் என்று பாருங்கள். நோயின் பெயர் இதில் இல்லை. ஆனால் என்ன நடக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. உங்கள் கடிதத்தில் தேன்மொழி ஒரு இடத்திலும் தலைகாட்டவில்லை. கதையைச் சொல்பவளே அவள்தான். பொய் சொன்னவளும் அவள்தான். அந்த 'இல்லை' என்ற ஒரு சொல்லிலிருந்துதான் உங்கள் நாவல் முழுவதும் கிளம்புகிறது. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிய பெற்றோரை நீங்கள் வில்லன்களாக ஆக்கவில்லை. அது உங்கள் நாவலின் பெரிய பலம். நேர்ந்துகொள்ளும் தாயையும் பத்திரிகை அடிக்கும் தந்தையையும் அடுத்தடுத்து வைத்தால் அந்தப் பலம் கடிதத்திலேயே தெரியும். கடைசி வாக்கியத்தில் ஒரு கேள்வி தொங்குகிறது. அந்தப் பெண்ணிடம் தேன்மொழி உண்மையைச் சொல்வாளா? முகவர் அடுத்த பக்கத்தைத் திருப்ப அது போதும்.

குணசீலம் என்றால் லண்டன் முகவருக்குத் தெரியாது. அதற்காக விளக்கவுரை வேண்டாம். 'மனம் பேதலித்தவர்களை 48 நாள் தங்கவைத்துத் தீர்த்தம் தெளிக்கும் காவிரிக்கரைக் கோயில்' என்று ஒரு தொடரில் சொல்லிவிடுங்கள். அதைப் படித்ததும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றும்.

அடுத்த பத்தி சுருக்கமாக இருக்கட்டும். இன்ன வகை நாவல், இத்தனை சொற்கள், இரண்டு ஒப்பீட்டு நூல்கள், அதாவது உங்கள் நாவலை வாங்கக்கூடிய வாசகர்கள் விரும்பிப் படிக்கும் நூல்கள். மனச்சிதைவு நோய் என்ற பெயரை இங்கே ஒரு முறை வெளிப்படையாகச் சொல்லுங்கள்; முகவரிடம் அதை மறைத்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை. ஒப்பீட்டு நூலாக சில்வியா பிளாத்தின் 'தி பெல் ஜார்' நாவலைச் சொல்லியிருக்கிறீர்கள். அது 1963இல் வந்தது. பெரிய படைப்பு என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் இன்று எந்த வாசகர் உங்கள் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவார் என்பதை அது சொல்லாது. கடந்த நான்கைந்து ஆண்டுகளில் வந்தவற்றில் தேடுங்கள். இரண்டுமே மனநோய் நூல்களாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று அக்காதங்கை உறவையோ குடும்ப ரகசியத்தையோ பற்றியதாக இருந்தால் இன்னும் நல்லது. நூலகத்தில் உட்கார்ந்து நீங்களே படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேலை இது. நான் இரண்டு பெயர் சொல்லி, நீங்கள் படிக்காமல் எழுதி, முகவர் அதைப் பற்றிக் கேட்டால் சங்கடமாகிவிடும்.

கடிதம் மொத்தம் ஒரு பக்கம். அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம்.

இப்போது நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி: உங்கள் நோயைச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சிறிது காலத்துக்கு முன்பு, எழுதுபவருக்கும் கதைமாந்தருக்கும் ஒரே அடையாளம் இருந்தால் அதை ஒரு முத்திரைபோல அறிவிக்கும் வழக்கம் ஆங்கிலப் பதிப்புலகில் பரவியது. 'ஓன் வாய்சஸ்' என்று 2015இல் ட்விட்டரில் தொடங்கியது அது. நல்ல நோக்கம்தான். நாளடைவில், எழுதுபவர்கள் தங்கள் மருத்துவச் சீட்டை மேசைமேல் வைத்தால்தான் நம்புவோம் என்ற நிலைக்கு அது சிலரைத் தள்ளிவிட்டது. சிறார் இலக்கியத்தில் பன்முகத்தன்மைக்காக அமெரிக்காவில் இயங்கும் 'வி நீட் டைவர்ஸ் புக்ஸ்' அமைப்பே 2021இல் அந்தச் சொல்லைக் கைவிட்டது. ஆகவே சொன்னால்தான் மதிப்பு என்று யாராவது உங்களை நெருக்கினால் அதற்கு இணங்காதீர்கள்.

ஒரு நடைமுறை உண்மையும் இருக்கிறது. முகவருக்கு எழுதும் கடிதத்தில் நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றும் பயணம் செய்யும். முகவர் அதை எடிட்டருக்குச் சொல்வார். எடிட்டர் விளம்பரப் பிரிவுக்குச் சொல்வார். புத்தகம் வரும் நேரத்தில் ஒரு நிருபர் உங்களிடம் நாவலை விட்டுவிட்டு மாத்திரையைப் பற்றிக் கேட்பார். அன்று உங்கள் அலுவலகத்திலும், திருச்சியில் இருக்கும் உறவினர்களிடையிலும் அது பேசப்படும். அதற்கு நீங்கள் தயார் என்றால், விரும்பினால், சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. மதிப்பெண் கிடைக்கும் என்பதற்காகச் சொல்லாதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒரே வரி எழுதுவேன்: 'இந்த நோயோடு வாழ்ந்த ஒரு குடும்பத்தில் நான் வளர்ந்தேன்.' அவ்வளவு போதும். நீங்கள் அறியாத இடத்திலிருந்து எழுதவில்லை என்பது முகவருக்குத் தெரிந்துவிடும். யாருக்கு நோய், என்ன மருந்து என்ற விவரம் எதுவும் கதவைத் தாண்டிப் போகாது.

உங்கள் மனச்சோர்வைவிட என்னைக் கவலைப்பட வைப்பது உங்கள் அக்கா. அவர் உயிரோடு இருக்கிறார். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். நாவலில் வரும் ஊர், தெரு, அக்காவின் படிப்பு, மாப்பிள்ளையின் வேலை எல்லாம் உண்மையிலும் அப்படியே என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. தெரிந்தவர் ஒருவர் படித்து 'இது இன்னாரல்லவா?' என்று அடையாளம் கண்டுவிட்டால், புனைகதை என்று மேலே அச்சிட்டிருப்பதால் மட்டும் சட்டச் சிக்கல் தீர்ந்துவிடாது. அவதூறு, தனிப்பட்ட செய்தியைத் தவறாக வெளியிடுதல் என்ற இரண்டு வழியிலும் பிரிட்டனில் வழக்கு வரலாம். பதிப்பக ஒப்பந்தத்தில், யாருடைய உரிமையையும் இந்த நூல் மீறவில்லை என்று நீங்கள்தான் உறுதிமொழி கொடுப்பீர்கள். குறிப்பாக மாப்பிள்ளை வீட்டாரின் பாத்திரங்களில் கை வையுங்கள். தொழிலை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், குடும்ப அமைப்பை மாற்றுங்கள். மாற்றும்போது கதை மெலியும் என்று பயப்பட வேண்டாம். நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும் என்ற கட்டு அவிழ்ந்த பிறகுதான் பல பாத்திரங்கள் தானாகப் பேசத் தொடங்கும்.

சட்டத்துக்கு அப்பால் இன்னொன்று. முகவரிடமிருந்து சம்மதம் வருவதற்கு முன்பே, அக்கா நல்ல நிலையில் இருக்கும் ஒரு நாளில், அவரிடம் சொல்லிவிடுங்கள். மகளிடமும் சொல்லுங்கள். அனுமதி கேட்கிறீர்களா, தகவல் சொல்கிறீர்களா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் கடையில் புத்தகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலையை உண்டாக்காதீர்கள். ஒருமுறை அவரைக் கேட்காமலே அவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பிறர் முடிவெடுத்தார்கள் என்பதுதானே நீங்கள் எழுதியிருக்கும் கதை.

இனி அத்தியாயங்கள். லண்டன் முகவர்கள் பெரும்பாலும் கடிதம், ஒரு பக்கக் கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் அல்லது முதல் 10,000 சொற்கள் என்று கேட்பார்கள். நியூயார்க்கில் கடிதத்தோடு ஐந்து பக்கமோ பத்துப் பக்கமோ போதும் என்பவர்கள் அதிகம். ஆகவே தொடக்கம்தான் எல்லாம். உங்கள் நாவல் மருத்துவமனை வார்டில் கண்விழிக்கும் ஒரு பெண்ணோடு தொடங்குகிறது. வெள்ளைச் சுவர், ஃபினாயில் நெடி, யார் நான் என்ற கேள்வி. மனநோயைப் பற்றி வரும் கையெழுத்துப் படிகளில் இந்தத் தொடக்கத்தை நான் அலுத்துப்போகும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன். முகவர்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பார்கள்.

உங்கள் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்து முன்னால் வையுங்கள். என்.எஸ்.பி. ரோடு ஜவுளிக் கடையில் கூறைப்புடவை எடுக்கும் காட்சி. வெள்ளை விரிப்பில் சேலைகள் மலைபோல் குவிகின்றன. கடைப்பையன் இன்னொன்றை உதறி விரிக்கிறான். அம்மா விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கிறாள். வசந்தா மட்டும் தலையைச் சற்றே சாய்த்து, மாடிப்படிப் பக்கம் யாரோ தன்னைக் கூப்பிடுவதைக் கேட்பதுபோல் நிற்கிறாள். பிறகு மெதுவாகச் சொல்கிறாள்: 'அரக்கு வேண்டாமாம்.' யார் சொன்னது என்று அம்மா கேட்கவில்லை. தேன்மொழி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். அம்மா சட்டென்று அரக்குச் சேலையை மடித்து ஓரமாக வைக்கிறாள்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 'வேண்டாமாம்' என்பதன் விகுதியில் எல்லாம் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் நீங்கள் அதை 'அவர்கள் வேண்டாம் என்கிறார்கள்' என்ற பொருளில் எழுதியிருப்பதும் சரியாகப் பொருந்துகிறது. தாய்க்கு ஏற்கெனவே தெரியும் என்பது ஒரு கையசைவில் வெளிப்படுகிறது. இப்படி எழுதத் தெரிந்தவர் ஏன் வார்டிலிருந்து தொடங்க வேண்டும்?

கதைச் சுருக்கத்தில், இருபதாம் அத்தியாயத்தில் வசந்தா அரிவாள்மனையை எடுத்துக் கணவனை நோக்கிப் போவதைப் பெரிய திருப்பமாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காட்சி நாவலுக்குத் தேவையா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் மனச்சிதைவு நோயாளி என்றாலே ஆயுதம் தூக்குபவர் என்ற படிமம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம். உங்கள் கதையிலேயே வசந்தா புகுந்த வீட்டில் அறைக்குள் பூட்டப்படுகிறாள். அதைச் சுருக்கத்தில் பாதி வரியில் கடந்துவிட்டீர்கள். இரண்டின் அளவையும் மாற்றுங்கள்.

வசந்தாவின் தற்கொலை முயற்சியைச் சுருக்கத்தில் மறைக்காதீர்கள். கதைச் சுருக்கம் என்பது முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய ஆவணம். ஆவலைத் தூண்டுவதற்கான இடம் அது இல்லை. நடந்தது என்ன என்று ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள், எப்படி என்ற விவரம் வேண்டாம். நாவலிலும் வழிமுறையை நுணுக்கமாக விவரித்திருக்கும் ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்வேன். தற்கொலை பற்றி எழுதுவோருக்கு உலகச் சுகாதார நிறுவனமும் சமாரிட்டன்ஸும் தரும் வழிகாட்டுதலில் முதன்மையானது இதுதான். அந்தப் பக்கத்தில் உயிரோட்டமாக இருப்பது தேன்மொழி கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது மட்டுமே. கடிதத்தின் அடியில், நாவலில் தற்கொலை முயற்சி இடம்பெறுகிறது என்று ஒரு வரி சேர்ப்பது மரியாதை. வாசிப்பவரும் மனிதர்தான், அவர் வீட்டிலும் ஒரு கதை இருக்கலாம்.

1,38,000 சொற்கள் அதிகம். முதல் நாவலுக்கு 80,000 முதல் 1,00,000 வரை என்பதைத்தான் முகவர்கள் விரும்புகிறார்கள். விவாகரத்து வழக்கு நடக்கும் நான்கு அத்தியாயங்களை ஒன்றாக்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் பிரிவுகளைத் தேடிப் படித்து உழைத்திருக்கிறீர்கள், அது தெரிகிறது. தெரிகிறது என்பதே பிரச்சினை. மருத்துவர் நோயை விளக்கும் பக்கங்களும் அப்படியே.

யாருக்கு அனுப்புவது? பிளூம்ஸ்பரி வெளியிடும் 'ரைட்டர்ஸ் அண்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் இயர்புக்' நூலகத்தில் இருக்கும். 1906 முதல் வந்துகொண்டிருக்கும் கையேடு அது. முகவர்களின் பட்டியலும் அவர்கள் எதைப் படிக்கிறார்கள் என்ற குறிப்பும் அதில் உண்டு. அதைவிட நல்ல வழி, உங்களுக்குப் பிடித்த சமீபத்திய நாவல்களின் கடைசிப் பக்க நன்றியுரை. அங்கே முகவரின் பெயர் இருக்கும். கடிதத்தின் முதல் வரியில், 'நீங்கள் கொண்டுவந்த இன்ன நாவலைப் படித்தேன், அதனால் எழுதுகிறேன்' என்று உண்மையாகச் சொல்ல முடிந்தால், அவர் அடுத்த வரியைக் கவனமாகப் படிப்பார்.

படித்துப் பார்க்கவே பணம் கேட்பவர் முகவர் இல்லை. நூல் விற்றால் உள்நாட்டில் பொதுவாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கும் மொழிபெயர்ப்புக்கும் 20 சதவீதம் என்பதுதான் அவர்களுடைய வருமானம். மனநோயைப் பற்றி எழுதுபவர்களின் ஆதங்கத்தைக் குறிவைத்து, 'உங்கள் கதை உலகுக்குத் தேவை, இவ்வளவு பவுண்ட் கட்டுங்கள்' என்று வருபவர்கள் இருக்கிறார்கள். அந்த மின்னஞ்சலுக்குப் பதிலே எழுதாதீர்கள்.

இந்தியாவில் முதலில் முயலலாமா என்றும் ஒரு குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். ஜெய்ப்பூரின் சியாஹி போன்ற முகமைகள் அங்கே இருக்கின்றன. சில பதிப்பகங்கள் எழுத்தாளர்களிடமிருந்து நேரடியாகவும் வாங்கிப் படிக்கின்றன. ஆனால் நீங்கள் லண்டனில் இருப்பதால் முதலில் இங்கே முயலுங்கள். இந்தியப் பதிப்பகத்தோடு நேரடியாக ஒப்பந்தம் செய்தால் இந்தியத் துணைக்கண்ட உரிமையை மட்டும் கொடுங்கள். அவசரத்தில் உலக உரிமை முழுவதையும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால், பிறகு லண்டன் முகவர் விற்பதற்கு ஒன்றும் இருக்காது.

ஒரே நேரத்தில் ஆறேழு பேருக்கு அனுப்புங்கள். ஒரு முகமையில் ஒருவருக்கு மட்டும். எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிட்டால், பதில்களிலிருந்து கற்றுக்கொண்டு கடிதத்தைத் திருத்த ஆள் மிஞ்சாது. பதில் வர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பதில் இல்லாததே பதில் என்று சில முகமைகள் வெளிப்படையாக எழுதியே வைத்திருக்கின்றன. வசந்த காலத்தில் லண்டன் புத்தகச் சந்தை, அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட் சந்தை. அந்த வாரங்களில் யாரும் புதிதாக எதையும் படிக்க மாட்டார்கள்.

இந்தக் காத்திருப்பை உங்களால் எப்படித் தாங்க முடியும் என்று முன்கூட்டியே யோசியுங்கள். இதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் அதைத் திறக்காதீர்கள். உங்கள் கணவரோ தோழியோ வாரம் ஒருமுறை பார்த்து, பயனுள்ள பதில் இருந்தால் மட்டும் சொல்லட்டும். இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் தனியாக மறுப்பைப் படிப்பது யாருக்கும் நல்லதில்லை. உங்களுக்கு நிச்சயமாக நல்லதில்லை. மறுப்பு எழுதியவர் உங்கள் அக்காவை மறுக்கவில்லை, உங்கள் குடும்பம் பட்டதை மறுக்கவில்லை. ஒரு கடிதத்தையும் சில பக்கங்களையும் மட்டும்தான் அவர் பார்த்தார்.

கடைசியாக, சற்று நீளமாக எழுதிய அந்த ஒரு முகவர். அவருடைய பதிலை மறுப்புகளோடு சேர்த்து வைத்திருக்கிறீர்கள். நான் மூன்று முறை படித்தேன். ஜவுளிக் கடைக் காட்சி மனத்தை விட்டு அகலவில்லை என்கிறார். கதைசொல்லி ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறாள் என்று கேட்கிறார். பெரிய அளவில் திருத்தினால் மறுபடி பார்க்க விருப்பம் என்கிறார். இப்படி எழுத வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. முகவர்கள் மரியாதைக்காக இந்த வாக்கியத்தை எழுதுவதில்லை. தேன்மொழியை முன்னால் கொண்டுவந்து, நாவலைக் குறைத்து, மூன்று நான்கு மாதம் எடுத்துக்கொண்டு திருத்துங்கள். இப்போதே அவருக்கு இரண்டு வரியில் நன்றி சொல்லி, திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று எழுதிவிடுங்கள். முடித்ததும் புதிய பிரதியை வேறு யாருக்கும் முன்னால் அவருக்கு அனுப்புங்கள்; பழைய மின்னஞ்சலுக்கு மறுமொழியாகவே அனுப்புங்கள், அப்போதுதான் அவர் எழுதியது அவருக்கே நினைவுக்கு வரும்.